மொட்டில் எரிச்சல், ரத்தத்தில் சர்க்கரை

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த சில வரிகளை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

ஸ்பீக்கர்ல போட்டுக் கேக்கறவங்க இயர்போனுக்கு மாறிக்கோங்க. ஆபீஸ் பஸ்ல இருக்கீங்கன்னா கண்டிப்பா மாறிக்கோங்க. இன்னைக்கு ஆண்குறியில வர்ற ஒரு சாதாரணப் பிரச்சனையைப் பத்திப் பேசப் போறோம். அரிப்பு, சிவப்பு, எரிச்சல். டாக்டருங்க பாலனைட்டிஸ்னு எழுதுவாங்க. தமிழ்ல மொட்டு அழற்சின்னு சொல்லலாம். முன்தோலுக்கு உள்ள இருக்கிற மொட்டு வீங்கிச் சிவந்து போறது, அவ்வளவுதான் பேருக்கு அர்த்தம்.

நான் சேத்துப்பட்டுக்காரன். சென்னையில இருக்கிறவங்களுக்கு உடனே ரயில்வே ஸ்டேஷனும் ஏரியும்தான் ஞாபகம் வரும். அது இல்லைங்க. திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டு. ஆரணிப் பக்கம். ஆரணிப் பட்டுன்னு கடையில வாங்குறீங்களே, அது ஆரணி டவுன்ல மட்டும் நெய்யறது இல்ல, சுத்து வட்டாரம் பூரா தறி உண்டு. எங்க சித்தப்பாவும் நெசவுதான். குழித்தறி. கால் ரெண்டும் குழிக்குள்ள மிதிகட்டை மேல, காலையில உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் அதே இடம்.

போன வருஷம் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு அவர்கிட்ட இருந்து போன். அவர் ஒன்பது மணிக்கே படுத்துடற ஆளு. "தம்பி, தூங்கிட்டியா? ஒண்ணுமில்ல, சும்மாதான்"னார். சும்மா போன் பண்றவரும் கிடையாது. மழை பெஞ்சுதான்னு கேட்டார். பாவு விலை ஏறிப் போச்சுன்னார். அஞ்சு நிமிஷம் கழிச்சு, "ஒரு விஷயம், இன்னான்னு சொல்றதுன்னு தெரியல, உங்க சித்திக்குத் தெரிய வேணாம்"னு ஆரம்பிச்சார்.

இந்தக் கதையைச் சொல்லலாம்னு அவரே அனுமதி குடுத்தார். பேர் மட்டும் வேண்டாம்னார்.

எட்டு மாசமா அவருக்கு அங்க அரிப்பு. முதல்ல லேசான சிவப்பு. அப்புறம் தயிர்த் திப்பி மாதிரி வெள்ளையா ஏதோ படியுது. அப்புறம் முன்தோல் நுனியில சின்னச் சின்னதா வெடிப்பு, பித்தவெடிப்பு மாதிரி. ஒண்ணுக்குப் போனா அந்த வெடிப்புல பட்டு சுரீர்னு எரியுது. கடைசியில முன்தோலைப் பின்னால தள்ளவே முடியல.

எட்டு மாசத்துல என்னென்ன பண்ணியிருக்கார்னு கேளுங்க. முதல்ல சூடுன்னு நினைச்சார். நம்ம ஊர்ல இடுப்புக்குக் கீழ எது எரிஞ்சாலும் சூடுதானே. இளநீர், வெந்தயம், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். போகல. அடுத்து, அழுக்குதான் காரணம்னு நினைச்சு ஒரு நாளைக்கு மூணு வேளை சோப்புப் போட்டுத் தேய்ச்சிருக்கார். காயத்துக்குப் போடற ஆன்டிசெப்டிக்கைத் தண்ணியில கலந்து ஊத்தியிருக்கார். (சிரிப்பு) எனக்குக் கேக்கும்போதே வலிச்சது. அதுக்கப்புறம் ஒரு மருந்துக் கடை. "படை மாதிரி இருக்கு, ஒரு ஆயின்ட்மென்ட் குடுப்பா"ன்னிருக்கார். எங்கன்னு சொல்லல, கடைக்காரரும் கேக்கல. மூணு நாள்ல சொகமாயிடுச்சு. ஒரு வாரத்துல திரும்ப வந்துச்சு. மறுபடி அதே டியூப். இப்படியே ஆறு டியூப்.

டாக்டர்கிட்ட ஏன் போகலன்னு கேட்டேன். "சீட்டு எழுதறவன் நம்ம தெருக்காரன்டா"ன்னார்.

சித்தப்பாவுக்கு இது பொம்பள சீக்குன்னு யாராவது நினைச்சிடுவாங்களோன்னு பயம். அதைவிட மோசம், அவருக்கே ஒரு கட்டத்துல அப்படித்தானோன்னு சந்தேகம். இத்தனைக்கும் தறியை விட்டு வெளியில போகாத மனுஷன். இதுக்கு நடுவுல சித்திக்கும் அரிப்பு வந்திருக்கு. அவங்க ஒண்ணும் கேக்கல. பேச்சைக் குறைச்சுக்கிட்டாங்க. ஒரே வீட்டுல இவர் நெய்யறார், அவங்க தார் சுத்தறாங்க, ரெண்டு பேருக்கும் நடுவுல சாப்பாடு ஆச்சா ஆகலையாங்கற பேச்சு மட்டும்.

நான் போன்ல முதல்ல கேட்ட கேள்வி அவருக்குப் புரியல. "சித்தப்பா, ராத்திரி எத்தனை தடவை ஒண்ணுக்குப் போக எழுந்திருக்கிறீங்க?"ன்னேன். "நாலு வாட்டி. அதுக்கும் இதுக்கும் என்னடா?"

அதுக்கும் இதுக்கும்தான் சம்பந்தம். மறுநாள் வெறும் வயித்துல ரத்தம் குடுக்கச் சொன்னேன். சர்க்கரை 264. மூணு மாச சராசரின்னு சொல்வாங்களே, ஹெச்பிஏ1சி, அது 11.3. அந்த அளவு 5.7-க்குக் கீழ இருக்கணும், 6.5-ஐத் தாண்டினா சர்க்கரை நோய். 47 வயசு வரைக்கும் அவர் ஒரு தடவைகூட சர்க்கரை பார்த்ததில்ல.

என்ன நடக்குதுன்னு சொல்றேன். கேண்டிடான்னு ஒரு பூஞ்சை இருக்கு. ஈஸ்ட் வகை. பிரட் மாவை உப்ப வைக்கிற ஈஸ்ட்டுக்குத் தூரத்துச் சொந்தம். நம்ம வாயில, குடல்ல, தோல் மடிப்புல கொஞ்சம் சும்மா உக்காந்திருக்கும், தொந்தரவு பண்ணாது. அதுக்குப் பிடிச்சது மூணு: கதகதப்பு, ஈரம், சர்க்கரை. முன்தோலுக்கு உள்ள முதல் ரெண்டும் எப்பவும் உண்டு. மூணாவது எங்கிருந்து வருது? ரத்தத்துல சர்க்கரை ஒரு அளவைத் தாண்டினா, சுமாரா 180-ன்னு வெச்சுக்கோங்க, சிறுநீரகத்தால அதைப் பிடிச்சு வைக்க முடியாது, சிறுநீர்ல விட்டுடும். ஒவ்வொரு தடவை ஒண்ணுக்குப் போய்ட்டு வரும்போதும் ரெண்டு சொட்டு சர்க்கரைத் தண்ணி முன்தோலுக்குள்ள நின்னுடுது. கூடவே சர்க்கரை அதிகமா இருக்கிற உடம்புல நோய் எதிர்ப்பும் மந்தமாயிடும். பூஞ்சைக்கு இதைவிட என்ன வேணும்?

அதனால எங்க துறையில ஒரு பழக்கம் உண்டு. நடு வயசு ஆண் ஒருத்தர் முன்தோல் நுனியில வெடிப்போட வந்தா, க்ரீம் எழுதறதுக்கு முன்னாடி சர்க்கரைக்கு எழுதுவோம். நிறைய பேருக்கு சர்க்கரை இருக்கறதை முதல்ல சொன்னது இந்த வெடிப்புதான். கண்ணும் காலும் அப்புறம்தான் சொல்லும், அப்போ கொஞ்சம் லேட் ஆகியிருக்கும்.

இது எவ்வளவு பெரிய விஷயம்னா, 2023-ல வெளிவந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வுப்படி நாட்டுல சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13 கோடிக்கு மேல சர்க்கரை நோயோட வாசல்படியில. உங்களுக்கு 25 வயசுன்னா உங்க அப்பாவுக்கு சித்தப்பா வயசு இருக்கும். ஐடி கம்பெனியில உக்காந்த இடத்துலயே வேலை பாக்கற உங்களுக்கும் குழித்தறியில உக்காந்திருக்கிற அவருக்கும் இந்த விஷயத்துல பெரிய வித்தியாசம் இல்ல.

சரி, சர்க்கரை இல்லாத இளைஞர்களுக்கு வராதான்னா, வரும். எனக்கு சென்னையில வர்ற இருபத்தஞ்சு வயசுப் பசங்கள்ல பாதிப் பேருக்குக் காரணம் அழுக்கு இல்ல, சுத்தம்! வாசனை சோப்பு, பாடி வாஷ், அந்த இடத்துக்குன்னே தனியா விக்கிற திரவம், ஜிம் பேக்ல வெச்சிருக்கிற ஈரத் துடைப்பான். மொட்டுத் தோல் உதட்டுத் தோல் மாதிரி. உதட்டை சோப்புப் போட்டு மூணு வேளை தேய்ச்சா என்ன ஆகும்? அதேதான் அங்கயும். சிலருக்கு காண்டம் ரப்பர் ஒத்துக்காது, லேட்டக்ஸ் இல்லாததுக்கு மாறினா சரியாயிடும். இன்னும் சிலருக்கு மாத்திரை. ஜுரத்துக்கோ வலிக்கோ ஒரு மாத்திரை போடுவாங்க, மறுநாள் மொட்டுல வட்டமா கருஞ்சிவப்பா ஒரு புண். ஆறிடும், கறுப்புத் தழும்பு நிக்கும். அடுத்த தடவை அதே மாத்திரை போட்டா அதே இடத்துல மறுபடி. சில வலி மாத்திரை, சில ஆன்டிபயாடிக் இப்படிப் பண்ணும். அந்தப் பையன் பாவம், தனக்கு என்னமோ பெரிய நோய்னு நெட்ல தேடித் தேடி ரெண்டு வாரம் தூங்கியிருக்க மாட்டான்.

தினமும் கழுவாம விட்டாலும் வரும். முன்தோலுக்கு உள்ள வெள்ளையா மாவு மாதிரி சேரும், அது அங்கயே தங்கினா உறுத்தும். சுன்னத் செஞ்சவங்களுக்கு இந்த அழற்சி ரொம்பக் குறைவு, காரணம் அந்த ஈர மடிப்பே இல்ல.

உடலுறவுல தொத்துமான்னு எல்லாரும் கேப்பீங்க. கேண்டிடா ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குப் போகலாம், ஆனா அதை பால்வினை நோய்க் கணக்குல வெக்கறதில்ல. யார்கிட்டயும் போகாமலேயே வரும். சித்திக்கு வந்த அரிப்பும் இந்த வகைதான். அதை வெச்சு யாரும் யாரோட ஒழுக்கத்தையும் கணக்குப் போட முடியாது.

இப்ப அந்த டியூப் கதைக்கு வரேன். இதுலதான் எனக்குக் கோபம். சித்தப்பாவை அந்த டியூப்பைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பச் சொன்னேன். பின்னாடி மூணு பேர் போட்டிருந்தது. பூஞ்சைக்கு ஒண்ணு, பாக்டீரியாவுக்கு ஒண்ணு, மூணாவது க்ளோபெட்டசால். க்ளோபெட்டசால் வீரியமான ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு போட்டதும் சிவப்பும் அரிப்பும் அடங்கும், ஏன்னா உடம்போட எதிர்ப்பையே அது அடக்கி வெக்குது. போலீஸை லீவுல அனுப்பிட்டா தெரு அமைதியா இருக்கிற மாதிரிதான் தெரியும். உள்ள பூஞ்சை நிம்மதியா வளரும். நிறுத்தினதும் முன்னைவிட ஜோரா வரும். அங்க ஏற்கெனவே மெல்லிசா இருக்கிற தோல் இன்னும் மெலிஞ்சு கிழியும். தொடை இடுக்குல படை வந்து இதே மாதிரி டியூப் போட்டு வருஷக்கணக்கா அவதிப்படறவங்க இதைக் கேக்கறீங்கன்னா, உங்களுக்கும் இதேதான்.

2018-ல மத்திய அரசு இந்த ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு விதியைத் திருத்துச்சு. நடைமுறை உங்களுக்கே தெரியும். அதனால டியூப்பைத் திருப்பிப் பாருங்க. க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன், மொமெட்டசோன்னு எதாவது இருந்தா அது ஸ்டீராய்டு, நீங்களா போடாதீங்க. ஸ்டீராய்டே விஷம்னு நான் சொல்லல. லைக்கன் ஸ்க்ளீரோசஸ்னு ஒண்ணு இருக்கு, மொட்டும் முன்தோலும் வெளுத்து இறுகிப் போகும், அதுக்கு இதே க்ளோபெட்டசால்தான் முதல் மருந்து. எதுக்கு எதுன்னு பார்த்துப் போடணும்.

சித்தப்பாவுக்குக் குடுத்த வைத்தியம் கேட்டா சப்புன்னு இருக்கும். சோப்பு நிறுத்தம். ஒரு நாளைக்கு ரெண்டு வேளை வெதுவெதுப்பான தண்ணி மட்டும். முன்தோல் வர்ற அளவுக்கு மட்டும் பின்னால தள்ளிக் கழுவி, மெத்துன்னு துணியில ஒத்தி எடுத்து, மறக்காம முன்தோலைப் பழைய இடத்துக்குக் கொண்டு வரணும். அப்புறம் க்ளோட்ரிமசோல் 1 சதவீத க்ரீம், ஸ்டீராய்டு கலக்காதது, காலையிலயும் ராத்திரியும், ரெண்டு வாரம். நாலு நாள்ல சுகமானாலும் ரெண்டு வாரம். சிலருக்கு ஃப்ளூகோனசோல் மாத்திரை ஒண்ணு குடுப்போம், ஆனா சில சர்க்கரை மாத்திரையோட அது சேர்ந்தா சர்க்கரை தடால்னு இறங்கிடும், அதனால அதைக் கடையில நீங்களா வாங்க வேண்டாம். இந்த க்ரீம் போடற நாள்ல காண்டத்தை நம்பாதீங்க, சில க்ரீம்ல இருக்கிற எண்ணெய் ரப்பரைப் பலவீனமாக்கும். சித்திக்கும் அவங்களுக்கு உண்டானதைக் குடுத்தாச்சு. ஜோடியில ரெண்டு பேருக்கும் அரிப்பு இருந்தா ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பாக்கணும்.

சர்க்கரைக்கு மாத்திரை ஆரம்பிச்சது. மாசா மாசம் மாத்திரை வாங்க ஒரு நாள் தறியை விட்டா அன்னைக்குக் கூலி போச்சு. அதுக்கு 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் கை குடுத்துச்சு. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருது.

ஆறு வாரத்துல எல்லாம் சரி. கதை முடிஞ்சதுன்னு நினைச்சேன்.

நாலு மாசம் கழிச்சு மறுபடி போன். இந்த வாட்டி மழை, பாவு எல்லாம் இல்ல, நேரா விஷயம். "தம்பி, அது திரும்ப வந்துடுச்சு. ஆனா சர்க்கரை நல்லா இருக்குன்றாங்க." புதுசா எதாவது மாத்திரை சேர்த்தாங்களான்னு கேட்டேன். ஆமாம், டவுன்ல ஒரு டாக்டர் மூணு வாரம் முன்னாடி ஒண்ணு சேர்த்திருக்கார். பேரைப் படிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டிப் படிச்சார்: டாபாக்ளிஃப்ளோசின்.

இதை உங்க அப்பா, மாமாவுக்காகக் கவனமாக் கேளுங்க. கிளிஃப்ளோசின்னு முடியற மாத்திரைங்க எல்லாம் ஒரே குடும்பம். ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை வேணும்னே சிறுநீர்ல வெளியேத்தறதுதான் அதோட வேலை. ஒரு நாளைக்கு அம்பது, அறுபது கிராம், சில பேருக்கு அதுக்கும் மேல. ரத்தத்துல சர்க்கரை குறையுது, ஆனா போற வழியில பூஞ்சைக்கு விருந்து. ஆய்வுகள்ல இதைச் சாப்பிட்ட ஆண்கள்ல நூத்துக்கு ரெண்டுல இருந்து நாலு பேருக்கு இந்த அழற்சி வந்தது. முன்னாடியே வந்தவங்களுக்கும் முன்தோல் இருக்கிறவங்களுக்கும் வாய்ப்பு இன்னும் அதிகம். நல்ல மாத்திரைதான் அது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அது செய்யற நன்மையைப் பார்த்தா நானே சித்தப்பாவுக்கு வேணும்னுதான் சொல்வேன். முன்ன விலை ஜாஸ்தி. இந்தியாவுல முதல்ல டாபாக்ளிஃப்ளோசினுக்கும் அப்புறம் 2025 மார்ச்சுல எம்பாக்ளிஃப்ளோசினுக்கும் காப்புரிமை முடிஞ்சு, இப்ப நிறைய கம்பெனி மலிவாத் தயாரிக்குது. அதனால சின்ன ஊர் வரைக்கும் வந்துடுச்சு. மாத்திரை வந்த வேகத்துல "அங்க அரிக்கலாம், ஒண்ணுக்குப் போனதும் கழுவித் துடைச்சுக்கோங்க"ங்கற ஒரு வரி வரல. சொல்ல டாக்டருக்கும் கூச்சம், கேக்க நோயாளிக்கும் கூச்சம்.

சித்தப்பா மறுபடி க்ரீம் போட்டார், ஒவ்வொரு தடவையும் கழுவித் துடைக்க ஆரம்பிச்சார், மாத்திரையை நிறுத்தல. இதுவரைக்கும் திரும்ப வரல. வந்துக்கிட்டே இருந்தா மாத்திரையை மாத்தறதைப் பத்திப் பேசணும், இல்லைன்னா முன்தோலை எடுக்கற சின்ன ஆபரேஷன். நீங்களா நிறுத்தாதீங்க. ஒண்ணே ஒண்ணு: இந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவுல கடுமையான வலி, வீக்கம், கூடவே ஜுரம்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி. அந்த இடத்துச் சதை அழுகிப் போற அபூர்வமான தொற்று அது, 2018-ல அமெரிக்க எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது அதுக்காகத்தான்.

மத்தபடி எப்ப நேர்ல காட்டணும்? புண், கொப்பளம், சீழ் வடியுது, தொடை இடுக்குல நெறி கட்டியிருக்குன்னா அது வேற கணக்கு, பால்வினை நோய்க்குப் பாக்கணும். அரசு ஆஸ்பத்திரியில சுகவாழ்வு மையம்னு ஒரு அறை இருக்கும், இதுக்குன்னே. காசு கிடையாது, விவரம் வெளியில போகாது. பக்கத்துல எங்க இருக்குன்னு தெரியலன்னா 1097-க்குப் போன் பண்ணிக் கேக்கலாம். பின்னால போன முன்தோல் திரும்பி வராம மாட்டிக்கிட்டு வீங்கினா அவசரம், காலையில பாத்துக்கலாம்னு படுக்காதீங்க. வெள்ளைத் திட்டு, தடிப்பு, கட்டி, ஒரு மாசம் ஆகியும் ஆறாத புண், இதெல்லாம் சின்னதா சதை எடுத்துப் பரிசோதனை பண்ண வேண்டியது. புற்றுநோய் அபூர்வம், ஆனா அதையும் இப்படித்தான் எட்டு மாசம் மறைச்சு வெச்சிட்டு வருவாங்க.

குட்டிப் பசங்களுக்கு முன்தோல் பின்னால வராம இருக்கறது இயல்பு. குளிப்பாட்டும்போது பலவந்தமாத் தள்ளாதீங்க, பாட்டி சொன்னாலும்.

எங்க படிப்போட முழுப் பேரே தோல், பால்வினை நோய், தொழுநோய். மூணையும் ஒண்ணா வெச்சதுக்குக் காரணம் வேற, ஆனா மூணுமே ஜனங்க மறைக்கற வியாதி. எங்க ஊர்ல செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரி பல பத்தாண்டுகளா தொழுநோய் பாத்திருக்கு. சேத்துப்பட்டுன்னாலே லூர்து மாதா கோயில், அடுத்தது அந்த ஆஸ்பத்திரி. அந்தத் தேமலை மறைச்சு மறைச்சு விரல் போன பிறகு வந்தவங்க கதையைக் கேட்டு வளர்ந்தவர் எங்க சித்தப்பா. அவரே எட்டு மாசம் மறைச்சார்.

சித்திகிட்ட யார் சொல்றதுன்னு பெரிய பிரச்சனை. சித்தப்பா என்னையே சொல்லச் சொன்னார். பொங்கலுக்குப் போயிருந்தப்ப தார் சுத்திக்கிட்டிருந்தாங்க, பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன், பூஞ்சை, சர்க்கரை, டியூப் வரைக்கும். அவங்க ராட்டையை நிறுத்தாம கேட்டாங்க. முடிச்சதும், "சர்க்கரைன்னு சொல்றதுக்கு இந்த மனுஷனுக்கு எட்டு மாசமா?"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "நான் என்னென்னமோ நினைச்சுட்டேன்டா"ன்னாங்க. அப்புறம் ராட்டையை நிறுத்திட்டு, "எனக்கும் பாத்துடு"ன்னு விரலை நீட்டினாங்க. 118. வெறும் வயித்துல. வாசல்படி.

அடுத்த வாரம் கேள்வி பதில். எழுதி அனுப்புங்க, பேர் போட வேண்டாம்.